ஒரு துணி, இரண்டு பேச்சு

மனிதகுலம் கண்டுபிடித்த சொற்களிலேயே தலைசிறந்தது எது என்று கேட்டால் சிலர் 'அன்பு' என்பார்கள், சிலர் 'விடுதலை' என்பார்கள். விவரம் தெரியாதவர்கள். தலைசிறந்த சொல் 'ஆனால்'. அந்த ஒற்றைச் சொல்லை முதலாகப் போட்டுக் கட்சி தொடங்கி, அந்தக் கட்சியால் ஓர் அலுவலகம், ஓர் அரசாங்கக் கார், அதற்கு ஓர் ஓட்டுநர் என்று படிப்படியாக மக்களுக்குத் தொண்டாற்றியவர் மாண்புமிகு ஒனோரே வைமோ. ஒனோரே என்றாலே பிரெஞ்சில் 'மாண்புமிகு' என்றுதான் அர்த்தம். மற்றவர்கள் மாடாய் உழைத்துத் தேர்தலில் ஜெயித்து வாங்குகிற பட்டத்தை, அவர் ஞானஸ்நானத் தொட்டியிலேயே வாங்கிவிட்டார்.

கடல் நடுவே, பிரான்சின் ஆளுகையில் இருக்கும் எங்கள் நாட்டில் (நாடு என்று சொன்னால் ஒரு பாதிக்குக் கோபம் வரும், பிரதேசம் என்று சொன்னால் மறு பாதிக்கு வரும், ஆகவே எங்கள் இடத்தில் என்று வைத்துக்கொள்வோம்) பெரிய கட்சிகள் இரண்டு. பிரான்சை விட்டுப் பிரிய வேண்டுமா என்று கேட்டால் 'ஆம்' என்கிறது ஒன்று, 'இல்லை' என்கிறது மற்றொன்று. மூன்று முறை வாக்கெடுப்பு நடத்திக் கேட்டாகிவிட்டது. மூன்றாம் முறை பாதிப் பேருக்கு மேல் சாவடிப் பக்கமே வரவில்லை. அதனால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று ஒரு தரப்பும், கேள்வியே இன்னும் கேட்கப்படவில்லை என்று மறு தரப்பும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நடுவில் சாலை எரிந்தது, கடை எரிந்தது, நிக்கல் ஆலை மூடிக்கொண்டது. பேரவைத் தேர்தலை ஒத்திவைத்தார்கள், மறுபடி ஒத்திவைத்தார்கள், அதற்கும் மேல் ஒத்திவைத்தார்கள்.

இந்த அமளியில் கசங்காத சட்டையோடு நின்றவர் ஒனோரே ஒருவர்தான். அவருடைய இயக்கத்தின் பெயர் 'ஆம், ஆனால்'. சின்னம் பாதி திறந்த கதவு. பிரிவினை கேட்கும் ஊரில் இது திறந்துகொண்டிருக்கிற கதவு என்பார். பிரான்சோடு இருக்க விரும்பும் ஊரில் இது மூடிக்கொண்டிருக்கிற கதவு என்பார். இரண்டும் உண்மைதானே! ஒரு தொலைக்காட்சிக்காரர் துணிந்து, நீங்கள் மதில் மேல் பூனை என்கிறார்களே என்று கேட்டார். ஒனோரே புன்னகை மாறாமல், "பூனைக்கு மட்டும்தான் தம்பி ரெண்டு வீட்டு அடுப்பும் தெரியும்" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவருக்குப் பாரிசிலிருந்து ஒரு பதக்கம் வந்தது.

அப்பேர்ப்பட்டவருக்கும் ஒரு கண்டம் வந்தது. கடைசியில் ஒரு வழியாகத் தேர்தல் தேதி குறித்தபோது, அவருடைய ஆலோசகர் லொயிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முகம் வெளுத்தார். பிரான்சிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத லொயிக், எங்கள் இடத்தைப் பற்றி எங்களுக்கே வகுப்பு எடுக்கக்கூடிய நிபுணர். இயக்கத்துக்குக் கிடைக்கக்கூடியது ஒரே இடம். அதுவும் வானீயோ தீவில், நெத்தே என்கிற ஒரு சிறு குடியின் வாக்கு மொத்தமாக விழுந்தால்தான். விழாவிட்டால் இடம் இல்லை. இடம் இல்லாவிட்டால் அலுவலகம் இல்லை, கார் இல்லை, ஓட்டுநர் இல்லை, லொயிக்கும் இல்லை.

"நெத்தேயில உங்களுக்கு யாரையாவது தெரியுமா தலைவரே?" என்று லொயிக் கேட்டார்.

நெத்தே ஒனோரேயின் அம்மா பிறந்த ஊர். அங்கே இருப்பவர் அவருடைய தாய்மாமன் எனோக்.

தாய்மாமன் என்றால் எங்களுக்கு அது உறவு மட்டுமில்லை, மூச்சு. பிறந்த பிள்ளையின் காதில் ஊதி உயிர் கொடுப்பவர் அவர்தான். பிள்ளையின் முதல் முடியிலிருந்து கடைசி மூச்சு வரை எல்லாம் அவர் கணக்கு. ஒருத்தி செத்துப்போனால், அவள் பெற்ற பிள்ளை அவளுடைய அண்ணன் முன்னால் வந்து, தலை குனிந்து, தரையில் ஒரு துணியை விரித்து, 'உங்களிடமிருந்து வந்த மூச்சை உங்களிடமே திருப்பித் தருகிறோம்' என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவள் வீடு போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. சொல்லும்வரை அண்ணனுக்குத் துக்கம் முடியாது. அவர் தாடியை எடுக்க மாட்டார்.

ஒனோரேயின் அம்மா மெலானி, கணவர் போனபிறகு அண்ணன் வீட்டுக்கே திரும்பி, அங்கேயே கண்ணை மூடினவர். செய்தி வந்தபோது ஒனோரே பாரிசில் ஒரு மாநாட்டு மேடையில் இருந்தார். தலைப்பு: 'நம் பண்பாட்டில் தாய்மாமனின் இடம்'. பேசிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அடுத்து விருந்து இருந்தது. விருந்துக்கு அடுத்து அமைச்சர் இருந்தார். மலர்வளையம் மட்டும் விமானத்தில் போனது. அடுத்த மாதம் நேரில் போகலாம் என்று நினைத்தார். அதற்கடுத்த மாதமும் நினைத்தார். இப்படி நாலு வருஷம் சளைக்காமல் நினைத்தார். அதற்குள் எனோக்கின் தாடி நெஞ்சைத் தாண்டி இறங்கிவிட்டது என்று தீவிலிருந்து வருகிறவர்கள் சொன்னார்கள்.

இந்த விஷயத்தை ஒனோரே சுருக்கமாகச் சொன்னபோது லொயிக்கின் கண்கள் விரிந்தன. துக்கம் என்றால் அவருக்குப் பிடிக்கும். அது திரையில் நன்றாக வரும்.

"இதுக்கு ரெண்டு துணி வேணும்" என்றார் ஒனோரே. "அங்க எதப் பேசறதா இருந்தாலும் தரையில துணி வச்சுத்தான் பேசணும். அம்மாவுக்கு ஒண்ணு, ஓட்டுக்கு ஒண்ணு. ஒரு துணிக்கு ஒரு பேச்சுதான். அதுலயும் முதல் துணிய வச்சிட்டு அன்னிக்கு ராத்திரி அங்கேயே தங்கணும். ரெண்டாவத மறுநாள்தான் எடுக்கலாம்."

"மறுநாள் நமக்கு மூணு கூட்டம் இருக்கு தலைவரே. ரெண்டும் ஒரே குடும்பத்துக்குத்தானே?"

"ஆமா. ஆனா..."

"அந்த 'ஆனா'தானே நம்ம கட்சி" என்றார் லொயிக். "ஒரே துணி. ரெண்டு பேச்சு. சாயங்கால விமானத்தப் பிடிச்சிடலாம்."

இதற்கு அவர் ஒரு பெயரும் வைத்தார்: 'ஒருங்கிணைந்த சடங்குத் திட்டம்'. பெயர் வைத்துவிட்டால் எந்தத் தப்பும் திட்டமாகிவிடும் என்பது தலைநகர் நூமேயாவின் அலுவலகங்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஒனோரே ஒரு நிமிஷம் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். ஒரே துணியில் இரண்டு பேச்சு வைக்கக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அம்மாதான். தொண்டை அடைத்தது. நிஜமாகவே அடைத்தது. அடைத்த தொண்டையோடு பேசினால் நெத்தேயில் எடுபடும் என்பது அடுத்த நிமிஷம் தோன்றியது.

துணியையும் லொயிக்கே ஏற்பாடு செய்தார். கடையில் கிடைக்கும் பூப்போட்ட துணியை வாங்குவது பழைய பாணியாம். இயக்கத்தின் மஞ்சள் நிறத்தில், ஒனோரேயின் முகத்தை ஆளுயரத்துக்கு அச்சிட்டு, தாடைக்குக் கீழே பாதி திறந்த கதவையும் போட்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து தருவித்தார். மேல் பாதியில் நெற்றியும் கண்களும் காதுகளும் மூக்கும். கீழ்ப் பாதியில் வாய். அந்த வாயில் தெரிந்த பற்கள் ஒவ்வொன்றும் அப்பத் துண்டு அளவு இருந்தன.

நெத்தேக்கு ஒனோரே போய்ச் சேருமுன்பே மற்ற இரண்டு கட்சியும் வந்துவிட்டுப் போயிருந்தன. அவர்களும் முறைப்படி துணி வைத்துப் பேசினார்கள். எனோக்கும் முறைப்படி, வந்தீர்கள், சந்தோஷம், துணியை எடுத்துக்கொண்டோம், பேச்சைக் கேட்டோம் என்றார். எங்களில் யாரும் வீடு தேடி வந்தவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. பேச்சைக் கேட்டோம் என்றால் கேட்டோம் என்று மட்டும்தான் அர்த்தம். இது நூமேயாவில் அரைக்காற்சட்டை போட்ட பையனுக்கும் தெரியும். கால்சட்டை நீண்டதும் மறந்துவிடும். நெத்தேயில் வாக்குள்ளவர்கள் எண்பது சொச்சம். அந்த வாரம் கட்சி அலுவலகங்களின் கணக்குப்படி நெத்தேயில் 'ஆம்' கட்சிக்கு எண்பது உறுதி, 'இல்லை' கட்சிக்கு எண்பது உறுதி.

கூட்டக் கொட்டகையின் முன்னால் பெரியவர்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் எனோக். தாடி வெள்ளை வெளேரென்று வயிறு வரை தொங்கியது. லொயிக் ஒனோரேயின் காதில், தாடி ரொம்ப நவீனமா இருக்கே, யாரு வச்சுவிட்டாங்க என்று கேட்டார். நான்தான் என்று ஒனோரே சொல்லவில்லை.

அவர் துணியைத் தரையில் விரித்தார். விரித்ததும் இரண்டு ஒனோரேக்கள் ஆயினர்; ஒருவர் நின்றார், ஒருவர் படுத்துச் சிரித்தார். பெரியவர்கள் படுத்திருந்தவரைத்தான் அதிகம் பார்த்தார்கள். துணி மேல் ஒரு பெருவள்ளிக் கிழங்கையும் ஒரு பண நோட்டையும் வைத்துவிட்டு, ஒனோரே தலை குனிந்தார்.

"மாமா, பெரியவங்களே, இந்தச் சின்னத் துணிய உங்க முன்னாடி வைக்கறேன். இது எங்கம்மா மெலானிக்காக. நாலு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கணும். அவங்க மூச்சு உங்ககிட்டேர்ந்து வந்தது. அத உங்ககிட்டயே..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. முப்பது வருஷ அரசியலில் முதல்முறையாக அவருடைய குரல் அவர் சொல்லாமலே உடைந்தது. கொட்டகைக்குப் பின்னாலிருந்த பெண்கள் விம்மத் தொடங்கினார்கள். எனோக்கின் தாடி நடுங்கியது. இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நாலு வருஷத் துக்கம் அங்கேயே முடிந்திருக்கும்.

படம் பிடித்துக்கொண்டிருந்த லொயிக், விமானம் என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினார்.

"...அதோட கூட" என்றார் ஒனோரே, "வர்ற ஞாயித்துக்கிழமையையும் மறந்துடாதீங்க. பாதி திறந்த கதவு. உங்க வீட்டுப் புள்ள."

விம்மிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். எனோக் தரையில் கிடந்த முகத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்ற முகத்தைப் பார்த்தார்.

"துணிய எடுத்துக்கறோம்" என்றார் கடைசியில். "பேச்சக் கேட்டோம். ரெண்டுக்கும் பதில் வரும்."

கல் அடுப்பில் புன்யா வெந்துகொண்டிருந்தது. வாழை இலைக் கட்டுக்குள் கோழியும் கிழங்கும் தேங்காய்ப்பாலும் கொதிக்கிற வாசம் ஊரையே தூக்கியது. துக்கம் முடிகிற சாப்பாட்டுக்காக விடிகாலையிலேயே கல்லைச் சூடேற்றியிருந்தார்கள். இருந்து சாப்பிட்டுப் போ என்றார் மாமா. சாப்பிடணும்தான் மாமா, ஆனா என்று ஒனோரே கடிகாரத்தைப் பார்த்தார். மாமா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கொட்டகையைத் தாண்டினால் வழி இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் கல்லறைத் தோட்டம், இடப்பக்கம் விமானத் திடல். ஜீப் இடப்பக்கம் திரும்பியது.

"ரெண்டுக்கும்னு சொன்னாரே, கவனிச்சீங்களா?" என்று லொயிக் வழி நெடுக மகிழ்ந்துகொண்டே வந்தார். ஒனோரேக்கு நெஞ்சில் ஏதோ நெருடியது. அதைப் பசி என்று முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை முடிவு நெத்தேயில்தான் என்பதால் அன்று இருவரும் மறுபடி தீவுக்கு வந்தார்கள். அதே கொட்டகைதான் வாக்குச்சாவடி. நகராட்சித் துணைத் தலைவர் காலேப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எல்லாம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்க நூமேயாவிலிருந்து மதாம் ஒதீல் என்கிற அம்மாள் வந்திருந்தார். பிரெஞ்சுச் சட்டம் நுணுக்கமானது. மேசையில் கட்சிக்கொரு சீட்டுக் கட்டு. எல்லாவற்றிலும் ஒன்று எடுத்துக்கொண்டு, ஒரு நீல உறையோடு திரைக்குப் பின்னால் போய், பிடித்ததை உறையில் போட்டு, பிடிக்காததை அங்கேயே குப்பைக் கூடையில் போட வேண்டும். எங்கள் இடத்தில் ஜனநாயகம் பெட்டியில் கொஞ்சம், கூடையில் மிச்சம் என்று இருப்பது இதனால்தான்.

எனோக் முதல் ஆளாக வந்தார். தாடியின் இடப்பக்கம் மழுங்க வழிக்கப்பட்டிருந்தது. வலப்பக்கம் அப்படியே வயிறு வரை தொங்கியது. மூக்குக்கு நேராகக் கோடு போட்டதுபோல் பாதித் தாடி.

ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒனோரே மட்டும் லொயிக்கின் கையைப் பிடித்து அழுத்தினார்.

"பாதி திறந்த கதவு" என்றார் மெதுவாக. "மாமா நம்ம சின்னத்த மூஞ்சியிலயே போட்டுக்கிட்டு வந்துட்டாரு."

லொயிக் கண் கலங்கிப் படம் எடுத்தார். சாவடிக்குள் சின்னம் காட்டுவது சட்டவிரோதம் என்று 'இல்லை' கட்சியின் ஆள் ஆட்சேபித்தார். தாடி சின்னமாகுமா என்று மதாம் ஒதீல் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். உடைக்கும் பதாகைக்கும் விதி இருந்தது, மயிருக்கு இல்லை. எனோக் திரைக்குப் பின்னால் போய்வந்து உறையைப் பெட்டியில் போட்டார். "வாக்களித்தார்" என்று காலேப் உரக்கச் சொன்னார்.

அன்று முழுக்க ஊர் வந்துகொண்டே இருந்தது. நோயாளிகளும் வந்தார்கள். இத்தனை ஒழுங்காக நெத்தே எந்தத் தேர்தலிலும் வாக்களித்ததில்லை. இடையில் லொயிக் நைசாகத் திரைக்குள் எட்டிப் பார்த்தார். குப்பைக் கூடை நிறைய 'ஆம்' கட்சிச் சீட்டும் 'இல்லை' கட்சிச் சீட்டும் கிடந்தன. மொத்தக் குடியும் நம் பக்கம் என்று பரவசமாகிவிட்டார். அடியில் பாதி திறந்த கதவும் குவிந்து கிடந்ததை அவர் தோண்டிப் பார்க்கவில்லை. நிபுணர்கள் பொதுவாகத் தோண்டுவதில்லை.

மாலையில் எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறந்தார்கள். காலேப் முதல் உறையைப் பிரித்து உதறினார். மஞ்சளாக ஒரு கந்தல் விழுந்தது.

"என்னது அது?" என்றார் மதாம் ஒதீல்.

"துணி, மதாம்."

"துணின்னு ஒரு கட்சி இருக்கா?"

"இல்ல மதாம். இது காது."

அடுத்த உறையில் புருவத்தின் ஒரு நுனி இருந்தது. அதற்கடுத்ததில் வெறும் மஞ்சள், நெற்றியாக இருக்கலாம் என்று காலேப் தம் கருத்தைச் சொன்னார். பிறகு ஒரு கண்ணின் ஓரம். பிறகு மூக்கின் ஒரு துவாரம். உறை உறையாக மாண்புமிகு ஒனோரே வைமோ வெளியே வந்துகொண்டிருந்தார். ஒருவர்கூடச் சீட்டுப் போடவில்லை. 'ஆம்'க்கு இல்லை, 'இல்லை'க்கும் இல்லை.

லொயிக் எழுந்து நின்றார். அவருடைய வாழ்க்கையின் உன்னதமான தருணம் அது.

"வாக்காளரோட நோக்கம்தான் முக்கியம்னு சட்டம் சொல்லுது மதாம். இவ்வளவு தெளிவா யாரு சொல்லுவா? இது எங்க வேட்பாளரோட முகம். இதெல்லாம் எங்க வாக்கு."

"முகம்தான்" என்று மதாம் ஒதீல் ஒப்புக்கொண்டார். "ஆனா பாதிதான் இருக்கு."

"அதான் எங்க கொள்கை!"

மதாம் ஒதீல் சற்றுத் தடுமாறினார். கட்சி முகவர்களின் கருத்தைக் கேட்டார். 'ஆம்' கட்சி ஆளும் 'இல்லை' கட்சி ஆளும் ஒரே மூச்சில் "செல்லாது" என்றார்கள். சொல்லிவிட்டு இருவருமே திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்விரு கட்சியும் ஒரே சொல்லைச் சொன்னது எங்களுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையும் ஒனோரேயையே சேரும்.

செல்லாத வாக்குகளை அறிக்கையோடு சேர்த்து இணைக்க வேண்டும் என்பது விதி. அத்தனை குண்டூசிக்கு மதாம் ஒதீல் எங்கே போவார்? பெண்கள் கவுன் பையிலிருந்து ஊசி நூலை எடுத்தார்கள். கொண்டே வந்திருந்தார்கள். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்று அவர்களுக்கு மனப்பாடம், வெட்டினதே அவர்கள்தானே. பேசிச் சிரித்துக்கொண்டே அறிக்கையின் முதுகில் தைத்துக் கொடுத்தார்கள். நெற்றி, புருவம், இரண்டு கண், இரண்டு காது, மூக்கு. அதோடு முடிந்துவிட்டது. மூக்குக்குக் கீழே பிரெஞ்சுக் குடியரசின் முத்திரையும் மதாம் ஒதீலின் கையெழுத்தும்தான் இருந்தன.

கிடைக்க இருந்த ஒரே இடமும் போனது. லொயிக் ஒரு மூலையில் போய் உட்கார்ந்து பிரான்சுக்கு விமானக் கட்டணம் பார்க்கத் தொடங்கினார். ஒனோரே வெளியே வந்தார். எனோக் மாமரத்தடியில் பாதித் தாடியோடு நின்றுகொண்டிருந்தார். ஒனோரேக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"ஓட்டுப் போட இஷ்டம் இல்லன்னா சும்மா இருந்திருக்கலாமே மாமா. ஊர் பூரா சேர்ந்து என்னை வெட்டிக் கூறு போட்டுட்டீங்களே."

"வெட்டினது நாங்க இல்லடா, நீ" என்றார் எனோக். கோபமே இல்லாமல் சொன்னார். "ஒரு துணியில ரெண்டு பேச்சு வச்சது நீதான். நாங்க பேச்சுக்குப் பாதின்னு பிரிச்சோம், அவ்வளவுதான். ஓட்டுக்கான பாதிய ஓட்டுப் பெட்டியில போட்டோம். அந்தப் பாதியில கண்ணு இருக்கு, காது இருக்கு. எடுத்துட்டுப் போ. அந்தக் காதுல ஊதினவன் நான்."

"மீதிப் பாதி?"

"அது மெலானிக்குச் சேர்ந்தது. அவ கல்லறை மேல விரிச்சிருக்கு. அதுலதான் உன் வாய் இருக்கு. அவளுக்கு நீ சொல்ல வேண்டிய பேச்சு நாலு வருஷமாப் பாக்கி. வாயாவது அவகிட்ட இருக்கட்டும்னு விட்டுட்டோம்." எனோக் வழித்த கன்னத்தைத் தடவிக்கொண்டார். "அன்னிக்குப் பாதி பேச்சு சொன்ன. நிஜமாத்தான் சொன்ன, எனக்குத் தெரியும். அதுக்குத்தான் இந்தப் பாதிய எடுத்தேன். வா, மீதிய அவ முன்னாடி நின்னு சொல்லு. துணி வேணாம். எதுவும் வேணாம். வலப்பக்கம்தான், நாலு தப்படி."

ஒனோரே வலப்பக்கம் பார்த்தார். தென்னைகளுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. அவருடைய கால் ஒன்று நிஜமாகவே முன்னால் போனது. அதைக் கண்டு எனோக்கின் கண்கள் நிறைந்ததை நாங்கள் பார்த்தோம்.

அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. நூமேயா. 'ஆம்' கட்சியிலிருந்து ஒருவர். அந்த அழைப்பு முடியுமுன்பே 'இல்லை' கட்சியிலிருந்து இன்னொருவர். ஒனோரே போனைக் கையால் பொத்திக்கொண்டு மாமாவின் பக்கம் திரும்பினார்.

"பாக்கணும் மாமா" என்றார். "ஆனா..."

எனோக் தலையாட்டினார். துணி வைத்துச் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொள்வதுபோலவே மரியாதையாகத் தலையாட்டினார். ஜீப் இடப்பக்கம் திரும்பியது.

ஒனோரே தோற்றுவிட்டார் என்று நினைத்து யாரும் வருந்த வேண்டாம். புதிய பேரவையில் 'ஆம்' சரி பாதி, 'இல்லை' சரி பாதி. ஒரு நாற்காலியை நகர்த்தக்கூட அவர்களால் முடிவெடுக்க முடியவில்லை. கடைசியில் இரு தரப்பும் சேர்ந்து 'பாரம்பரியச் சடங்கு மற்றும் நல்லுரையாடல் உயர் ஆணையம்' என்று ஒன்றை அமைத்தன. அதற்கு எந்தப் பக்கமும் சாராத, எந்தப் பக்கமும் வேண்டாம் என்று சொல்லாத, அனுபவம் மிக்க ஒருவர் தலைவராகத் தேவைப்பட்டார். மாண்புமிகு ஒனோரே வைமோ போட்டியின்றித் தேர்வானார். ஆணையம் கொடுத்த கார் பழைய காரைவிடப் பெரியது. லொயிக்கும் பயணத்தை ரத்து செய்துவிட்டார்.

இப்போது வாரந்தோறும் அவர் தொலைக்காட்சியில் ஒரு மணி நேரம் பேசுகிறார். கொடுத்த பேச்சின் புனிதம் என்ன, தாய்மாமனின் மேன்மை என்ன, ஒரு துணிக்கு ஒரு பேச்சுதான் என்ற நம் முன்னோரின் அறம் என்ன என்று கேட்கிறவர் மயிர்க்கூச்செறியப் பேசுகிறார். நெத்தேயில் நாங்களும் கொட்டகையில் கூடிக் கேட்கிறோம். எனோக் முன்வரிசையில், மீதிப் பாதித் தாடியோடு. அது இப்போது இடுப்பைத் தொடப்போகிறது.

நிகழ்ச்சி முடிந்ததும் நாங்கள் தவறாமல் ஒன்று செய்கிறோம். கல்லறைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். மழையில் மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. மற்றபடி துணி வைத்த இடத்திலேயே இருக்கிறது, பற்கள் உட்பட. வாய் எங்கும் போகவில்லை, மெலானியோடு பத்திரமாக இங்கேதான் இருக்கிறது. அப்படியானால் ஆணையத்தின் மாண்புமிகு தலைவர் வாரா வாரம் எதைத் திறந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.